பிடித்தம்

வெள்ளைக்காரன் என்றார்கள்.
வந்தவன் மஞ்சளாயிருந்தான்.
கண், நகம், நாக்கின் அடி
எல்லாம் மஞ்சள்.
ஆடிப்பெருக்குக் கூட்டம் வடிந்த பிறகு
ஒகேனக்கல் மணலில் கிடந்தானாம்.
பென்னாகரம் பஸ்ஸின் கடைசி சீட்டில்
மீன்கூடைகளோடு ஏற்றிவந்து
தருமபுரி பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கிய கண்டக்டர்
டிக்கெட் கிழிக்கவில்லை என்றான், பெருமையாக.

எழுபத்துநாலு. எனக்கு இருபத்துமூன்று.
கேஸ் சீட்டை நிரப்ப வேண்டும்.
பெயர்: ஏதோ ஓர் ஆற்றின் பெயரைச் சொன்னான்.
தகப்பனார் பெயர்: வேண்டாம் என்றான்.
முகவரி: கையை மேலே காட்டினான்,
அங்கே மின்விசிறி ஓடாமல் நின்றது.
ஜாதிக் கட்டத்தை நான் கேட்கவேயில்லை.
கிளார்க் திம்மராயன் வெகுநேரம் யோசித்து
'இதரர்' என்று எழுதினார்.

கழுத்தில் மூன்று வரிசை பாசிமணி.
பெல்பாட்டம், முழங்காலில் சூரியகாந்தி,
தையல் தெரியாதவனின் சொந்தத் தையல்.
எதுவும் யாருக்கும் உரியதல்ல என்பவனின் பேண்டில்
சலவைக்கார முனியப்பன்
சேராங்கொட்டை மையால் குறி போட்டார்.
இரண்டு புள்ளி, ஒரு கோடு.
கந்தலானாலும் அழியாது.

தலை நிறையப் பேன்.
மழித்துவிடு என்றார் மேட்ரன்.
இரண்டு கையாலும் முடியைப் பொத்திக்கொண்டான்.
அவன் நாட்டில் முடியை வெட்டிவிட்டுத்தான்
கையில் துப்பாக்கி தருவார்களாம்.
வார்டுபாய் மாதப்பனிடம் சொன்னேன்.
"நமக்கு லட்டுதானே தர்றாங்க" என்றான்.
மூன்று இரவு வேப்பெண்ணெய் தேய்த்து
பேன்சீப்பால் வாரினேன்.
நான்காம் நாள் இரட்டைப் பின்னல்,
ரிப்பனுக்குப் பதில் பேண்டேஜ் துணி.
மேட்ரன் அந்தப்பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பிடிக்காவிட்டால் கிளம்பு,
சாலை எல்லாருக்கும் பொது" என்பான் என்னிடம்.
விடுதலையைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல
நான் அவன் பெட்பேனைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
எலத்தகிரிக்கு மாதம் தொண்ணூறு மணியார்டர்.
அதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை.
வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கித்தார் வைத்திருந்தான், மிச்சம் நாலே தந்தி.
எழுந்து உட்கார்ந்த அன்று விரலை வைத்தான்,
ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் இருட்டறையில்
பாலக்கோட்டுப் பிள்ளை, ஒன்பது வயது,
காலில் முள்ளேறி
தாடை பூட்டிக் கிடக்கிறாள்.
டம்ளர் விழுந்தால் வில்லாக வளைவாள்.
ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம்.
எங்கள் செருப்புக்கூட வெளியே.
தெரிந்த இங்கிலீஷில் கொஞ்சம்,
மீதியை என் முதுகை வளைத்துக் காட்டினேன்.
பார்த்தான். கையை நீட்டிக் கித்தாரை
மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் பதினோரு இரவு வாசித்தான்.
தந்தியைத் தொடாமல்
மயிரிழை மேலே விரல்கள் போய்வந்தன.
கால் கட்டைவிரல் தாளம் போட்டது.
ஓரிடத்தில் கண்ணை மூடுவான்.
ஓரிடத்தில் தப்பு வந்ததுபோல்
நாக்கைக் கடித்து
முதலிலிருந்து ஆரம்பிப்பான்.
நைட் ரிப்போர்ட் எழுதும் பேனாவை
நான் அழுத்தாமல் ஓட்டினேன்.
என்ன பாட்டோ, நீளமானது.
அது முடியும்முன் நான் ஒருநாளும் தூங்கினதில்லை.

ஒரு விடியலில் படுக்கை காலி.
கூடவே சிவப்புக் கம்பளி ஒன்றும்.
'சொல்லாமல் சென்றவர்',
அதற்கென்றே ரப்பர் முத்திரை உண்டு, குத்தினேன்.
எல்லாம் எல்லாருடையது, சரி.
கம்பளி சர்க்காருடையது.
செப்டம்பர் சம்பளத்தில் பதினெட்டு ரூபாய்
பிடித்தம் என்று போட்டு வந்தது.
அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டே சிஸ்டர்
என்றார் திம்மராயன்.
ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.
தாடை இரண்டு விரல் திறந்த அன்று
கஞ்சி கேட்பாள் என்று காத்திருந்தோம்.
"அந்தாண்ட யாரு ராத்திரியெல்லாம்
மரத்தச் சொறிஞ்சிக்கிட்டே இருந்தாங்க?" என்றாள்.

நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு
அதுகூடக் கேட்டதில்லை.